முடிச்சுப் போடலாம், ஓட்டை போடக்கூடாது!

லோடு வண்டியை வேண்டியபடி மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் வாசிக்க வேண்டிய சில விஷயங்கள்

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றின் விடியற்காலை மூன்றரை மணிக்குக் கோயம்பேடு மொத்த அங்காடியின் வாசலில், தக்காளிப் பெட்டிகளையும் முட்டைக்கோஸ் மூட்டைகளையும் சுமந்துகொண்டு, தார்ப்பாயை இறுக்கிக் கட்டிப் புறப்பட ஆயத்தமாக நின்றிருந்த ஒரு சிறிய லோடு வண்டியைக் கண்டவர் எவரும், அன்றிரவு ஒன்பது மணிக்கு வில்லிவாக்கத்துத் தெரு ஒன்றில் அதை மறுபடியும் பார்த்திருந்தால், பதிவெண் கண்ணில் பட்டாலொழிய, இரண்டும் ஒரே வண்டிதான் என்று நம்பியிருக்கமாட்டார். காலையில் கோஸ் மூட்டை கிடந்த இடத்தில் இப்போது சிவப்புப் பட்டுடுத்திய அம்மன் எழுந்தருளியிருந்தாள். நான்கு மூலைகளிலும் சவுக்குக் கம்புகள் நிமிர்ந்து நிற்க, அவற்றை இணைத்த மூங்கில் வளைவுகளில் வேப்பிலைத் தோரணமும் சாமந்திச் சரமும் தொங்க, பின்கதவின் இருபுறமும் குலை தள்ளிய வாழைகள் அசைந்தாட, பம்பைக்காரர்கள் முன்னே செல்ல, வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்த ரூப மாற்றம் நிகழ்ந்த விதத்தை மாலை ஐந்து மணியிலிருந்து அருகிலேயே நின்று கவனித்தேன். வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, ஓட்டுநர் தம் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்குப்பையை எடுத்தார். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட சைக்கிள் டியூப்புகளை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, அதில் சேர்த்து வைத்திருந்தார். கம்பு வண்டியின் பெயின்ட்டைத் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் அந்த ரப்பர்த் துண்டைச் சுற்றி, அதற்கு மேல்தான் கயிற்றை ஓட்டினார். கயிறு, கம்பெனியே பாடியின் ஓரத்தில் வைத்தனுப்பிய கொக்கியில் நுழைந்து, கம்பை மேலே ஒரு தரமும் கீழே ஒரு தரமும் தழுவி, இழுக்க இழுக்க இறுகுவதும், ஒரு முனையைப் பிடித்து உருவினால் ஒரு கணத்தில் அவிழ்வதுமான சுருக்கில் முடிந்தது. கட்டிய கம்பை இரண்டு கைகளாலும் பற்றித் தம் உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மூலைக்குப் போனார்.

கோயில் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்கு இவ்வளவு நேரம் பிடிப்பது பொறுக்கவில்லை. “ஏம்ப்பா, நாலு மூலையிலும் இரும்பு ஆங்கிள் வெச்சு வெல்டு பண்ணிட்டா வருஷா வருஷம் இந்தத் தொல்லை இல்லையே?” என்றார். ஓட்டுநர் திரும்பிப் பாராமலே பதில் சொன்னார்: “வருஷத்துல ஒரு நாள் அம்மன் ஏறுறா, மிச்ச நாளெல்லாம் லோடு ஏறணும் பெரியவரே. வெல்டு வெச்சா அம்மன் எறங்குனாலும் ஆங்கிள் எறங்காது. எஃப்.சி.க்குப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் அறுத்துட்டு வான்னு அனுப்புவாரு.”

தமக்கென்று ஒரு வண்டியை வாங்கியவர்களில், அதை வாங்கிய கோலத்திலேயே வைத்திருக்கச் சம்மதிப்பவர்கள் சொற்பமே. காய்கறி விற்பவருக்குத் தட்டுகள் வேண்டும்; மைக் செட் வைத்திருப்பவருக்கு ஒலிபெருக்கி நிறுத்த மேடை வேண்டும்; பூனைக்கண் விளக்கும் ஜரிகைக் குஞ்சமும் இல்லாமல் வண்டியே இல்லை என்று எண்ணும் இளைஞருக்கு அவை வேண்டும். இந்த ஆசைகளில் எதுவும் குற்றமன்று. ஆனால், கழற்றினால் சுவடு தெரியாமல் போகும் மாறுதலுக்கும், கழற்றவே முடியாத, கழற்றினாலும் தழும்பை விட்டுச் செல்லும் மாறுதலுக்கும் உள்ள பேதம், வண்டியின் ஆயுளையும் சொந்தக்காரரின் பணத்தையும், சில சமயம் தெருவில் போகிறவர்களின் உயிரையும்கூட நிர்ணயிக்கிறது.

வெறுமையே அதன் செல்வம்

பிக்கப் வண்டியின் பூர்வீகமே தற்காலிக மாறுதல்தான். அமெரிக்கக் குடியானவர்கள், ஃபோர்டு மாடல் டி காரின் பின்பக்கத்துப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மரத்தொட்டி ஒன்றைப் பொருத்தித் தானியமும் தீவனமும் ஏற்றிக்கொண்டிருந்ததைக் கண்ட கம்பெனி, 1925 ஏப்ரலில் பின்தொட்டியோடு கூடிய வண்டியைத் தானே செய்து 281 டாலருக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிய கடிதமே, 1934-இல் ஃபோர்டு கம்பெனியின் லூயிஸ் பான்ட் வடிவமைத்த ‘யூட்’ வண்டிக்கு வித்தாயிற்று என்பார்கள்.

நம் நாட்டில் 2005 மே மாதத்தில் டாட்டா ஏஸ் வெளிவந்தபோது, வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றும் தமிழகத்தில் ‘குட்டி யானை’ என்றும் அதற்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். லாரி நுழையாத சந்துகளில் அது நுழைந்தது. மாட்டு வண்டியும் மூன்று சக்கர வண்டியும் செய்துவந்த வேலையை அது ஏற்றுக்கொண்டது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. சரக்குக்காக அல்லாமல் சவாரிக்காகவும் சாகசத்துக்காகவும் வாங்கப்படும் பெரிய பிக்கப்புகளோ, 2016-இல் சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீசிட்டியில் இசுஸு தொழிற்சாலை திறந்த பிறகும், 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்த பிறகும் நம் சாலைகளில் கூடுதலாகத் தென்படலாயின.

இவையனைத்துக்கும் பொதுவான சம்பத்து, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள வெற்றிடமே. 2021 மே 24-ஆம் தேதி தமிழகத்தில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு வந்து கடைகள் அடைபட்டபோது, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் வாகனங்களில் காய்கறி, பழங்களை ஏற்றித் தெருத்தெருவாக விற்க ஏற்பாடு செய்தன. முந்தைய வாரம் செங்கல்லோ பீரோவோ ஏற்றிய வண்டிகூட, பிளாஸ்டிக் பெட்டிகளையும் ஒரு தராசையும் ஏற்றினால் மறுநாளே காய்கறிக் கடையாகிவிட முடிந்தது என்றால், பாடியில் எதுவும் சாசுவதமாகப் பதிந்திராததுதான் அதற்குக் காரணம்.

பெட்டிச் செய்தி: குட்டி யானையின் ஜாதகம்
■ முதல் டாட்டா ஏஸ்: இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 702 சி.சி.
■ பாடியின் அளவு: சுமார் ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஓரடி உயரம்.
■ ஏற்றத் தகுந்த சுமை: ஏறத்தாழ முக்கால் டன். கூண்டு, தட்டு, மேடை என்று நிரந்தரமாகப் பொருத்தும் ஒவ்வொரு கிலோவும் இந்த முக்கால் டன்னிலிருந்துதான் கழிகிறது.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் ஆதியில் நிர்ணயித்தவற்றுக்கு முரண்படும்படி எந்த வண்டியையும் சொந்தக்காரர் மாற்றக்கூடாது என்கிறது. ‘மாறுதல்’ என்றால் என்ன என்பதற்கும் அந்தப் பிரிவிலேயே வியாக்கியானம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சம் வேறுபடும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே மாறுதலாகும். ஆகவே, ரப்பர்த் துண்டின் மேல் கயிற்றால் கட்டிய சவுக்குக் கம்பும், தரையில் விரித்த ரப்பர் விரிப்பும் இந்த வியாக்கியானத்துக்குள் வருவதில்லை. பாடியை நீட்டுவதும், பக்கத்துத் தகட்டை உயர்த்தி வெல்டு செய்வதும், திறந்த வண்டியை மூடிய கூண்டாக்குவதும் வந்துவிடுகின்றன.

கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது. அதற்கு முன்பு, விதிகளுக்கு உட்பட்டிருந்தால் கட்டமைப்பு மாறுதலும் செய்யலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் அளித்திருந்த அனுகூலமான தீர்ப்பு அன்றோடு ரத்தாயிற்று. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தில் 182ஏ பிரிவு புதிதாக மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்கிற சொல்லை வண்டிக்காரர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்; நான்கு மாறுதல் செய்தவருடைய கணக்கு நான்கால் பெருக்கப்படும்.

வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்கு, இத்தகைய மாறுதல்களைச் சோதிக்கும் பரீட்சை தவணை தவறாமல் வருகிறது. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கும், பிறகு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்கப்பால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., பெற்றாக வேண்டும். பரிசோதனைக்கு முதல் நாள், வெல்டு வைத்த கூண்டை கேஸ் கட்டரால் அறுப்பதும், சான்று கிடைத்த மறு நாள் அதே இடத்தில் மறுபடியும் வெல்டு வைப்பதுமாகக் காலம் தள்ளும் வண்டிகள் உண்டு. இந்த நாடகத்தில் ஒவ்வொரு தரமும் செலவாவது சொந்தக்காரரின் பணம்; ஒவ்வொரு தரமும் பலவீனமாவது வண்டியின் இரும்பு.

இரும்புக்கு மறதி இல்லை

தகட்டில் ஒரு சிறு துளை போடுவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, 1898-லேயே ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணித முறையில் விடை சொல்லிவிட்டார். இழுவிசைக்கு உட்பட்ட தகடு ஒன்றில் வட்டமான துளை இருக்குமானால், அந்தத் துளையின் விளிம்பில் தகைவு, மற்ற இடங்களில் உள்ளதைப்போல் மூன்று மடங்காகக் குவிகிறது. காற்று வாங்க நின்ற கூட்டம் ஒரே குறுகிய வாசல் வழியாக வெளியேற முண்டுவதைப்போல, தகடு முழுவதும் பரவிச் செல்ல வேண்டிய பாரம் அந்த விளிம்பில் முட்டிமோதுகிறது. பள்ளத்திலும் மேட்டிலும் நாளெல்லாம் ஏறி இறங்கும் வண்டியில், அங்கேதான் முதல் மயிரிழை விரிசல் பிறக்கும்.

அந்தத் துளை பாடியில் இருந்தால் தகடு கிழியும்; சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ இருந்தால் வண்டியின் முதுகெலும்புக்கே ஆபத்து. வளைவுப் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவை அந்த இரண்டு விளிம்புகளே ஆதலால், அவற்றில் துளையிடவும் வெல்டு வைக்கவும் வேண்டாம் என்று பாடி கட்டுவோருக்கான வழிகாட்டி நூல்களில் தயாரிப்பாளர்கள் தடுத்திருக்கிறார்கள். வெல்டிங்கின் உஷ்ணம், உறுதிக்காகவே பதப்படுத்திய எஃகின் பதத்தைக் குலைக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டு வைத்தால், மின்சாரம் போகக்கூடாத வழியில் போய், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியைக் கருக்கிவிடவும் கூடும்.

இவற்றையெல்லாம்விட மெதுவாக, ஆனால் நிச்சயமாக, வேலை செய்யும் சத்துரு துரு. துளையிடும்போது பெயின்ட்டும் அதன் அடியிலுள்ள பாதுகாப்புப் பூச்சும் அறுபட்டு, பச்சை இரும்பு காற்றைப் பார்க்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களின் உப்புக் காற்றில், இரண்டு மழைக்காலத்துக்குள் அந்தத் துளையைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்துச் செம்பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். மேலே புட்டி வைத்துப் பூசினாலும், அடியில் அது தன் காரியத்தை நிறுத்துவதில்லை.

விளக்கு ஆசையும் வயர் வினையும்

இரும்புக்கு அடுத்தபடியாக மனிதன் கை வைப்பது வயரில். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியுள்ள வண்டியில் நூறு வாட் விளக்கு இரண்டைக் கூடுதலாக மாட்டினால், சுமார் பதினேழு ஆம்பியர் மின்னோட்டம் வேண்டியிருக்கிறது. அதைத் தாங்கும் பருமன் இல்லாத வயரில், இடைநடுவே தோலைச் சீவி முறுக்கி, டேப் சுற்றி எடுத்த இணைப்பு சூடேறிச் சூடேறி இளகுகிறது. ஃப்யூஸ் எரிந்தால் அது வண்டி செய்யும் எச்சரிக்கை. அந்த ஃப்யூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர், எச்சரிக்கை செய்த காவற்காரனின் வாயைப் பொத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். வாரன்டி காலத்துக்குள் இது நடந்தால், அறுத்த வயரைக் காட்டி அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்கக் கம்பெனி மறுக்கும். காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாறுதலோ, விபத்து நேர்ந்தபின் நஷ்டஈடு குறைவதற்கும் மறுக்கப்படுவதற்கும் முகாந்திரமாகிறது.

வில்லிவாக்கத்துச் சப்பரத்தில் இதற்கும் ஒரு பாடம் இருந்தது. அத்தனை சீரியல் விளக்கும் வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரம்கூடக் கடன் வாங்கவில்லை. பின்னால் தனி வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த ஜெனரேட்டரிலிருந்து வயர் வந்தது. சப்பரம் நிலைக்குத் திரும்பியதும் பிளக்கைப் பிடுங்கினார்கள், அவ்வளவுதான். தினசரித் தேவைக்கும் இதே யுக்திதான்: இரவில் மூட்டை எண்ணுவதற்குச் சார்ஜ் செய்து வைத்த காந்த விளக்கு, தராசுக்கும் பில் போடும் கருவிக்கும் தனியாக ஒரு சிறு பேட்டரிப் பெட்டி, கைப்பேசிக்கு, கம்பெனி வைத்த சாக்கெட்டிலேயே செருகும் சார்ஜர்.

கழற்றத்தக்க சௌகரியங்கள்

ஆணியும் துளையும் இல்லாமல் ஒரு லோடு வண்டியை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று கேட்டால், சிரத்தையுள்ளவருக்கு எல்லை மிகத் தொலைவில் இருக்கிறது.

முதலில் வரவேண்டியது ரப்பர் விரிப்பு. பாடியின் அளவுக்கு வெட்டிய கனமான விரிப்பு, தகட்டைச் சிராய்ப்பிலிருந்து காப்பதோடு, சரக்கு வழுக்காமல் பிடித்துக்கொள்வதால் கயிற்றின் வேலையில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. மழைக்காலத்தில் அதை அவ்வப்போது தூக்கி உலர்த்தாவிட்டால், அடியில் தங்கிய ஈரமே துருவுக்குத் தொட்டிலாகும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, அடுக்குகள். நிரந்தரத் தட்டு வைப்பதற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டிகளை, பாடியின் அகலத்துக்குச் சரியாக வருமாறு தேர்ந்தெடுத்து, குறுக்கே ஒரு பலகையை இறுக்கிச் செருகி நிறுத்தினால், காய்கறிக்கடை தயார். பெட்டிகளை இறக்கிவிட்டால் வாடகை நடைக்கு வண்டி தயார். பழைய மகாபலிபுரம் சாலையில் காலை வேளையில் இட்லி விற்கும் சிறு வண்டிகளைக் கவனித்தால், அவற்றிலும் கெட்டிக்காரத்தனமானவை எவை என்பது விளங்கும்: பின்கதவைக் கிடையாக இறக்கி அதையே பரிமாறும் மேஜையாக்கிக்கொண்டு, அடுப்பையும் கேஸ் சிலிண்டரையும் வண்டிக்குள் பூட்டாமல் தரையில் மடக்கு மேஜைமேல் வைத்திருப்பவையே.

மூன்றாவது, பெயரும் அலங்காரமும். கதவில் எழுத்துப் பெயின்ட் அடிப்பதற்குப் பதில் காந்தத் தகடு ஒட்டினால், காலையில் ‘காய்கறி அங்காடி’யாகவும் மாலையில் ‘பந்தல் வாடகை’யாகவும் இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி இரு பக்கமும் துடைக்க வேண்டும். இல்லையேல் அடியிலுள்ள பெயின்ட் ஒரு நிறமும் சுற்றியுள்ளது வேறு நிறமுமாகிவிடும். வினைல் ஸ்டிக்கரும் சூடுகாட்டி உரித்தால் வந்துவிடக் கூடியதே. ஆயினும் நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால், தற்காலிகம் என்று ஒட்டியது சாசுவதமாகிவிடுகிறது. எல்லாப் பக்கமும் ஒட்டி வண்டியின் நிறத்தையே மாற்றுவோர், ஆர்.சி.யில் நிறமும் ஒரு விவரம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, பெரிய பிக்கப் வைத்திருப்போரின் சங்கதி. மலைப் பிரயாணத்துக்குக் கூடாரமும் சாமான் பெட்டியும் வேண்டுவோர், பாடியின் விளிம்பை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புகளால், ஒரு துளையும் போடாமல் சட்டங்களை நிறுத்தலாம். கவ்வும் இடத்தில் ரப்பர் வைப்பதும், முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஸ்பேனரை எடுத்து ஒருமுறை முடுக்கிவிடுவதும் அவசியம். சைக்கிள் டியூப்பின் தத்துவம் இங்கேயும் அதுவேதான்.

பெட்டிச் செய்தி: கயிறு எவ்வளவு தாங்க வேண்டும்?
■ சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியக் கணக்கு: திடீர் பிரேக்கில் முன்னோக்கிச் சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசை, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம்.
■ 500 கிலோ எடையுள்ள பொருள் முன்னே பாயாமல் நிற்க, கட்டும் விரிப்பும் முன்தடுப்பும் சேர்ந்து 400 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும்.
■ கனமானதை ஓட்டுநர் அறையை ஒட்டி, தாழ்வாக வையுங்கள். பின் அச்சுக்கு அப்பால் பாரம் குவிந்தால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும்.

கழற்றலாம் என்பதாலேயே நியாயமாகுமா?

இத்தனை நேரம் கழற்றத்தக்கதின் பெருமையைப் பேசிய பிறகு, அதன் பேரால் நடக்கும் விபரீதங்களைச் சொல்லாமல் விட்டால், இந்தக் கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும். போல்ட்டைத் திருகினால் வந்துவிடக்கூடியதுதான் முன்புறத்து இரும்புத் தடுப்பு. ஆனாலும், அது மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பாகங்களைத் தாண்டி நேரே சேசிஸுக்கு அனுப்புவதோடு, பாதசாரிக்கும் யமனாக முடிவதால், 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், தனியார் வாகனங்களில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’, அரசுச் சின்னம் முதலிய ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தவர்கள்மீது நடவடிக்கையைத் தொடங்கினார்கள். ஸ்டிக்கர் நகத்தால் உரிந்துவிடும் என்பது அங்கே வாதமாக எடுபடாது. தேர்தல் காலத்தில் பிரசாரத்துக்காக வண்டியின் வெளிப்புறத்தை மாற்றுவதற்கும், அது பதினைந்தே நாள் உபயோகத்துக்கானாலும், உரிய அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி.

பாடிக்குள் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, கல்யாண வீட்டாரையும் கூலி வேலைக்குப் போகும் பெண்களையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இவை எல்லாவற்றிலும் கொடியது. பெஞ்சு கழற்றக்கூடியதுதான், வண்டியின் இரும்பில் ஒரு கீறலும் விழுவதில்லை. ஆயினும் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுப்பதன் காரணம், மேலே பெட்டியில் சொன்ன அந்த எண்பது சதவீதத்தில் இருக்கிறது. மூட்டையைக் கயிற்றால் கட்டுகிறோம். மனிதரை யாரும் கட்டுவதில்லை. வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்குக் கூரையும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் உயிர் இழந்தார்கள். அது மனிதர் இழுத்த தேர், லோடு வண்டியன்று. ஆனால், மின்கம்பி இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அலங்காரம்தானே என்று வளைவின்மேல் வளைவாக ஏற்றுபவர்கள், போகிற பாதையை முன்னதாகவே நடந்து பார்த்துக் கம்பிகளின் தாழ்வை அறிந்து, மின்வாரியத்துக்கும் தெரிவித்த பிறகே மூங்கிலைத் தொட வேண்டும். சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய் என்பதும் கவனத்துக்குரியது.

கடைசிக் கணக்கு சந்தையில்

வண்டியை வாங்கும் நாளில் யாரும் விற்கும் நாளை யோசிப்பதில்லை. டியூ கட்டி முடிந்த பிறகுதான் அந்த யோசனை வருகிறது. பழைய வண்டி வாங்க வருகிறவர், எஞ்சினைக் கேட்பதற்கு முன்பே பாடியின் அடியில் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் சேசிஸை விரலால் தடவிப் பார்ப்பார். அங்கே அடைத்த துளையோ, தேய்த்து மறைத்த வெல்டிங் தழும்போ தட்டுப்பட்டால், இந்த வண்டி அடி வாங்கியதோ, அளவுக்கு மீறிச் சுமந்ததோ என்ற சந்தேகம் அவர் மனத்தில் எழும். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலை போட்டு, கேட்ட தொகையிலிருந்து கழிப்பார். கூண்டுக்கும் மேடைக்கும் செலவழித்த பணம் திரும்பி வராததோடு, அவற்றை எடுத்ததால் உண்டான தழும்புக்கும் சொந்தக்காரரே தண்டம் கட்டுகிறார். கயிறும் கிளாம்ப்பும் பெட்டியுமாக வாங்கியவரோ, வண்டியை விற்றுவிட்டு அவற்றை அடுத்த வண்டிக்கு எடுத்துச் செல்கிறார்.

உண்மையாகவே நிரந்தர மாறுதல் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டிய மீன் வியாபாரி கயிற்றை நம்பிப் பிழைக்க முடியாது. அவர் தயாரிப்பாளரே அங்கீகரித்த பாடியை வாங்கி, அதை ஆர்.சி.யில் பதிந்துகொள்வதே தர்மம். மாற்றுத் திறனாளிகளுக்கென வண்டியைத் தகவமைத்துக்கொள்ளவும் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. இவர்களைப்போல் நிர்ப்பந்தம் இல்லாத மற்றவர்கள், ஒவ்வொரு மாறுதலுக்கும் முன்னால் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு ஸ்பேனரோ ஒரு கை இழுப்போ இதைச் சுவடில்லாமல் எடுத்துவிடுமா? ஆர்.சி.யில் உள்ள எந்த வரியையாவது இது பொய்யாக்குகிறதா? நடுச்சாலையில் நாய் குறுக்கே ஓடி, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால், இது இருந்த இடத்திலேயே இருக்குமா? முதல் கேள்விக்கு மாத்திரம் விடை கண்டுவிட்டுத் திருப்தியடைகிறவர்களே அநேகர். மூன்றாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு அம்மன் கோயிலுக்குள் எழுந்தருளிய பிறகு, ஓட்டுநர் நான்கு மூலைகளிலும் சுருக்கின் முனையைப் பிடித்து உருவினார். கம்புகள் இறங்கின, ரப்பர்த் துண்டுகளை ஒன்று விடாமல் எண்ணிச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டார். கம்பு நின்ற இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன்; பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. விடியற்காலை மூன்றரை மணிக்குக் கோயம்பேட்டில் அவருக்கு லோடு இருந்தது.